லிகோரி வெட்டிப்போட்ட சத்தங்கள்

பஜ்பேயில் விமானம் இறங்குகிற வழிக்கு நேர் கீழே வீட்டைக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து பாட்டுப் பதிவு செய்கிறேன் என்று கிளம்புகிற மனிதனை என்னவென்று சொல்வது? எங்கள் பக்கத்து வீட்டு லிகோரி ரஸ்கின்ஹா அப்படிப்பட்ட ஆள். துபாய் விமானம் வந்தால் பாடுகிறவரைக் கையமர்த்துவார். அது போய்த் தொலைந்ததும் எங்கள் நாய் குரைக்கும். நாய் அடங்கினால் என் குக்கர் கூவும். உடனே மதிலுக்கு மேல் ஒரு தலை தெரியும்.

"நத்து, அந்தக் குக்கர கொஞ்ச நேரம் அடக்கி வைக்கக் கூடாதா?"

"நீங்க வந்து பிடிச்சுக்குங்க. என் வீட்டுக்காரர் சாப்பிட வர்ற நேரம் இது."

"அடுப்ப அணைச்சா என்ன குறைஞ்சிடும்?"

"உங்க மிஷின அணைச்சா என்ன குறைஞ்சிடும்?"

நத்தாலியா என்கிற என் பெயரை நத்து என்று சுருக்கியதே அந்த வீட்டார்தான். வருஷக்கணக்காக மதிலுக்கு மேலேயே இந்தச் சண்டை நடந்தது. இப்போது நான் குக்கரை எந்த நேரம் வைத்தாலும் கேட்பாரில்லை.

லிகோரிக்குப் பகலில் முந்திரி ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை. சாயங்காலம் வந்து கஞ்சியும் கருவாட்டுச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு மகளுடைய அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்வார். அந்த அறையின் சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் ரஜாயும் தொங்கும். விருந்தாளி வந்தால் போர்த்திக்கொள்ளக் கொடுக்க அந்த வீட்டில் ஒரு கம்பளிகூட மிஞ்சாது. மகள் ஜெஸ்விதா வருஷம் முழுக்கக் கூடத்தில் படுத்தாள்.

நம் கொங்கணி ஆட்கள் இருக்கிற இடமெல்லாம் பாட்டுத்தானே. குவைத்தில் ஓட்டுநர் வேலை பார்க்கிற பையன், அப்பா அம்மாவின் வெள்ளிவிழாவுக்கு வண்டிக்குள் உட்கார்ந்து கைபேசியில் ஒரு கொங்கணிப் பாட்டைப் பாடி அனுப்புவான். மஸ்கட்டில் ஒரு நர்ஸ் குளியலறையில் நின்று தாலாட்டு பாடி அனுப்புவாள். எல்லாம் லிகோரியிடம் வந்து சேரும். குரலை ஒரு பக்கம், கிதாரை ஒரு பக்கம், கீபோர்டை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்து, கழுவி, கூட்டிக் குறைத்துக் கலந்து திருப்பி அனுப்புவார். எங்கள் ஊர்க்காரர்களில் குயில் மாதிரி இத்தனை பேர் பாடுகிறார்கள் என்று குவைத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் லிகோரிதான்.

அவருடைய முறை ஒன்றே ஒன்று. முதலில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் குரலை மட்டும் தனியே திறப்பார். மின்விசிறியின் இரைச்சல், தெருச் சத்தம், நாற்காலி முனகல், பாடுகிறவர் மூச்சு இழுக்கிறது, எச்சில் விழுங்குகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். கணினித் திரையில் பாட்டு அலை அலையாகத் தெரியுமாம். பாடுகிற இடத்தில் தடியாக, பாடாத இடத்தில் நூல் மாதிரி. நாளாக ஆக அவர் காதால் கேட்பதைக்கூட விட்டுவிட்டார். நூல் மாதிரித் தெரிகிற இடத்தைக் கண்ணால் பார்த்தே கத்தரித்துக்கொண்டு போவார். வேலை முடிந்ததும் மூலப் பதிவை அழித்துவிடுவார். "கழிவ வீட்டுல வச்சுக்கக் கூடாது" என்பார்.

இதற்கு நேர் எதிர், அவர் மச்சான் மார்செல். கின்னிகோளியில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். திரை கீறிப்போன ஒரு லாப்டாப்பை வைத்துக்கொண்டு அவனும் பாட்டுக் கலப்பான். ஹெட்போன் கிடையாது. சமையலறை அலமாரியில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டு, குரல், கிதார், மழை, கோழி எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டுக் கேட்பான். அப்புறம் எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதை மட்டும் லேசாகத் தணிப்பான். பாடினவர் எந்த வீட்டில் உட்கார்ந்து பாடினார் என்பது பாட்டில் தெரிய வேண்டும் என்பது அவன் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேரும் பன்றிக் கறிக்கும் சன்னா என்கிற எங்கள் ஊர் இட்லிக்கும் முன்னால் உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடும்.

"மூச்ச ஏன் அத்தான் எடுக்கிறீங்க? மூச்சு விடாம யாராவது பாடுவாங்களா? செத்தவங்களா பாடுறாங்க?"

"பாட்டக் கேக்கறவனுக்கு உன் மூச்சு எதுக்குடா? சர்ச்சுல சாமியார் பிரசங்கம் வைக்கும்போது அவர் வயிறு கடமுடங்குதே, அதையும் மைக்ல போடலாமா?"

"போட்டா பிரசங்கத்தவிட நல்லாத்தான் இருக்கும்."

"நீ பெயின்ட் அடிக்கிற வீட்டுச் சுவத்துல பல்லி இருந்தா அது மேலயே அடிச்சிடுவ போல."

செவ்ரின் சிரித்துச் சிரித்து இரண்டு பேர் இலையிலும் கறி போடுவாள். லிகோரியின் மனைவி, மார்செலின் அக்கா, எனக்கு யார் என்று சொல்ல ஒரு வார்த்தை போதாது.

செவ்ரின் இல்லாமல் எங்கள் சர்ச் பங்கில் ரோஸ் நடந்ததில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணை உட்காரவைத்துத் தேங்காய்ப் பால் பூசும்போது வொவியோ பாட வேண்டுமே, அதற்கு முன்பாட்டு அவள்தான். அவள் ஒரு வரி எடுப்பாள், நாங்கள் பெண்டுகள் சுற்றி நின்று அதே வரியைத் திருப்பிப் பாடுவோம். வரியை எங்கிருந்து பிடிப்பாளோ தெரியாது, நின்ற இடத்திலேயே கட்டுவாள். தேங்காய் எந்தத் தோட்டத்தது, பால் எத்தனை கெட்டி, அதைப் பூசுகிற அத்தையின் வளையல் யாரிடம் இரவல் வாங்கினது என்பதெல்லாம் பாட்டில் வந்துவிடும். அத்தைக்காரி திட்டவும் முடியாது, தப்பிக்கவும் முடியாது. லிகோரி அவளை முதலில் பார்த்ததே ஒரு ரோஸ் பந்தலில்தான். இவர் ஒலிபெருக்கிக்காரர். அவள் வாயைத் திறந்ததும் இவர் திருகியை எதன் பக்கமோ திருப்பி, மைக் ஊளையிட்டு, மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை மிரண்டு அழுததாம்.

ஆனால் லிகோரிக்குப் பாட வராது. சுருதி கொஞ்சம் பிசகினாலும் கண்டுபிடிக்கிற காதைக் கொடுத்த ஆண்டவர், தொண்டையைக் கொடுக்கும்போது வேறு வேலையாய் இருந்திருக்கிறார். மூக்கால் பாடுவார். எல்லோரும் நிற்கிற இடத்துக்கு அரைப்படி கீழே நிற்பார். வரி முடிந்த பிறகும் வாலை இழுத்துக்கொண்டு வருவார். பூசையில் அவர் வாயைத் திறந்தால் செவ்ரின் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். அவர் இல்லாத சமயம் கிணற்றடியில் எங்களுக்கு அவரைப் போலவே பாடிக் காட்டுவாள். மூக்கைச் சுருக்கி, கழுத்தைச் சாய்த்து, அந்த வாலையும் இழுத்து. நாங்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். தன்னைத் தவிர ஊரே இதைக் கேட்டிருக்கிறது என்பது லிகோரிக்குத் தெரியாது.

அவளுக்கு வந்தது நுரையீரல் இறுகிப்போகிற வியாதி. முதலில் மேட்டில் ஏறினால் இருமல், அப்புறம் நடந்தால் இருமல், அப்புறம் சும்மா உட்கார்ந்தாலே இருமல். டாக்டர் நல்லவர், பொய் சொல்லவில்லை. ஜெஸ்விதாவுக்கு அப்போதுதான் பஹ்ரைனில் வேலை பார்க்கிற ஒரு பையனைப் பேசி வைத்திருந்தார்கள். கல்யாணத்தை முன்னால் இழுக்கலாம் என்றார் லிகோரி. செவ்ரின் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆக்ஸிஜன் குழாய மாட்டிக்கிட்டு மகளோட ரோஸ்ல உக்காரவா? எல்லாரும் பொண்ணப் பாக்க மாட்டாங்க, என்னப் பாப்பாங்க. வேண்டாம். என் வருஷம் கழியட்டும், அப்புறம் வைங்க. நான் பாடி வச்சிட்டுப் போறேன்."

அப்படித்தான் அந்தப் பதிவு நடந்தது. லிகோரி மைக்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பொருத்தி, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஆலைக்குப் போவார். அவர் இருந்தால் அவளால் பாட முடியாது. "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று உயிரை எடுப்பார். பகலில் தனியாக, தெம்பு இருக்கிற நேரம் பார்த்து, இருமலுக்கு நடுவே ஒரு வரி, இரண்டு வரி என்று பாடி வைத்தாள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு நாங்கள் திருப்பிப் பாடுவதற்கு இடம் விட்டாள். எனக்கு ஆச்சரியம்.

"எவ்வளவு நேரம் விடணும்னு எப்படிடி அளக்குற?"

"உங்க பங்க நானே பாடிக்குவேன், மெதுவா" என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

பாடி முடித்ததும் ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு மார்செலிடமும் கொடுத்தாள். "அவரும் செய்யட்டும், நீயும் செய். பிள்ளைக்கு எது பிடிக்குதோ அதப் போடுங்க" என்றாள். லிகோரியிடம் தனியாகச் சொன்னது வேறு. நான் அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"லிகோர், இருமல் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ரோஸ் பந்தல்ல என் பிள்ள அழக் கூடாது. நல்லா இருக்கற பொம்பள பாடுற மாதிரி இருக்கணும்."

"இருக்கும்" என்றார் அவர்.

தவக்காலத்தில், பெரிய வெள்ளிக்கு முன்பே போய்விட்டாள். அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அந்த வருஷம் முழுக்க லிகோரி வேறு யார் பாட்டையும் தொடவில்லை. கதவை அடைத்துக்கொண்டு அந்த வொவியோவைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு துடைக்க இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வரிக்கு நடுவில் வந்த இருமலை எடுத்து, அதே சொல்லை அவள் வேறு இடத்தில் சொன்னதைக் கொண்டுவந்து ஒட்டி, தையல் தெரியாமல் செய்திருந்தார். இடைவெளிகளை மொத்தமாக வெட்டி, வெறுமையாக்கி வைத்திருந்தார். மூலத்தை அழித்துவிட்டார், வழக்கம்போல.

மறு வருஷம் ரோஸ் அன்று காலை. முற்றத்தில் பந்தல் போட்டாகிவிட்டது, கொல்லையில் பெரிய அண்டாவில் கறி வெந்துகொண்டிருந்தது. சாயங்காலம் எந்தப் பாட்டைப் போடுவது என்று பார்க்க ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இரண்டு பேரும் வந்து நின்றார்கள். ஜெஸ்விதா மருதாணிக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் மார்செல் போட்டான்.

அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். கட்டில் கிறீச்சிடுகிறது. எங்கேயோ என் நாய். மேலே விமானம் போகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு "பிதா சுதன்" என்று சிலுவை போட்டுக்கொள்கிறாள். முதல் வரியை எடுக்கிறாள். செவ்ரின் பந்தலுக்குள் வந்துவிட்ட மாதிரியே இருந்தது. வரி முடிவதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. அந்த இருமலை ஒரு வருஷம் இரவும் பகலும் கேட்ட பெண், மருதாணிக் கையால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே ஓடிவிட்டாள்.

"நிறுத்துடா!" என்று லிகோரி கத்தினார்.

அப்புறம் அவருடையதைப் போட்டார். ஜெஸ்விதா ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டாள். சுத்தமான குரல், மூச்சுக்கூட இல்லாத குரல், நோய்க்கு முந்தின செவ்ரினின் குரல். கன்னத்தில் மருதாணி அப்பியிருக்க வாசலுக்கு வந்து, "இதையே போடுங்க டாடி. மம்மி நல்லா இருக்காங்க இதுல" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். லிகோரி விடவில்லை. மார்செலைப் பார்த்துத் திரும்பினார்.

"அத அழிச்சுடு."

"எத?"

"உன்கிட்ட இருக்கறத. எல்லாத்தையும். என் மகள் காதுல அந்தச் சத்தம் இனிமே விழக் கூடாது."

"அது சத்தமில்ல அத்தான், அது என் அக்கா."

"உன் அக்கா அழிக்கத்தான் சொன்னா. எங்கிட்ட சொன்னா. நீ வச்சிருந்து என்ன பண்ணப்போற? ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டி, பாருங்க எப்படி இருமிச் செத்தாள்னு சொல்லப்போறியா?"

மார்செல் முகம் செத்துவிட்டது. லாப்டாப்பைத் திறந்து, எல்லோரும் பார்க்க ஒவ்வொன்றாக அழித்தான். சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். "டேய், வேண்டாம்டா, கோபத்துல செய்யாதே" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு அண்டாவுக்குக் கீழே நெருப்பில் போட்டான். பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. சமையல்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டினான்.

"திருப்தியா அத்தான்? சுத்தமாயிடுச்சு" என்றான் மார்செல். சாப்பிடாமல் போனவன், மறுநாள் கல்யாணப் பூசைக்குக் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

ரோஸ் நன்றாக நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். பந்தலில் செவ்ரின் பாடினாள். அவள் ஒரு வரி, நாங்கள் ஒரு வரி. நாங்கள் திருப்பிப் பாடி முடிக்கவும் அவள் அடுத்ததை எடுக்கவும் ஒரு இழை பிசகவில்லை. அத்தைகளைக் கேலி செய்கிற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெஸ்விதாவும் தேங்காய்ப் பால் வழிகிற முகத்தோடு சிரித்தாள். பந்தலில் யாரும் அழவில்லை. செவ்ரின் கேட்டது அப்படியே கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார், "யாரு கலந்தது? சினிமாக்காரங்களா?" என்று கேட்டார்கள். லிகோரி மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து திருகியையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிப் பாடுகிற கூட்டத்தில் அவர் வாய் அசையவில்லை, என்றைக்கும்போல.

மகள் பஹ்ரைனுக்குப் போனாள். வீட்டில் லிகோரி தனி. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அந்தப் பாட்டைப் போடுவார், மதிலைத் தாண்டி எனக்குக் கேட்கும். அவள் ஒரு வரி பாடுவாள். பிறகு ஒன்றுமே இருக்காது. பந்தலில் நாங்கள் நிரப்பிய இடம் அது. இப்போது அங்கே ஒரு கொசு பறக்கிற சத்தம்கூட இல்லை. அத்தனை பெரிய வெறுமையை நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு அடுத்த வரி வருகிறவரை நானே மூச்சை அடக்கிக்கொள்வேன்.

ஒருநாள் மதிலுக்கு மேல் தலை தெரிந்தது.

"நத்து, அவ எப்படி இருமுவா? ஞாபகம் இருக்கா?"

"என்ன கேள்வி அண்ணே இது?"

"எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. முதல்ல ஒரு சின்னச் சத்தம் வரும்ல, அப்புறம்தான் பெருசா. அந்தச் சின்னது எப்படி இருக்கும்? நானும் இருமி இருமிப் பாக்கறேன், வரல."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷம் எல்லோர் மூச்சையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு இப்போது வந்து இருமலைக் கடன் கேட்கிற மனுஷனை என்ன செய்வது? அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்து எத்தனை நாளோ.

"மார்செலப் போய்ப் பாருங்க" என்றேன்.

"அவன் எரிச்சுட்டானே."

"எரிக்கச் சொன்னது யாரு? போய்ப் பாருங்க. அவன் காதுலயாவது இருக்கும்."

போகவில்லை. வீம்பு. மார்செலும் வரவில்லை, அவனுக்கும் அதே வீம்பு. கல்லறைத் திருநாள்தான் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தியது. சாயங்காலம் சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வருகிறார், எல்லாக் கல்லின் மேலும் மெழுகுவத்தியும் செவந்திப்பூவும். செவ்ரின் தலைமாட்டில் லிகோரி, கால்மாட்டில் மார்செல், நடுவில் நான். காற்றில் ஒரு மெழுகுவத்தி அணைந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

"எங்கேயாவது ஒரு பிரதி இருக்குமாடா?" என்று லிகோரி குனிந்தபடியே கேட்டார்.

மார்செல் நிமிரவில்லை. "ஹம்பன்கட்டாவுல ஒரு கடைக்காரன்கிட்ட லாப்டாப்பக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாத்தேன் அத்தான். அழிச்ச இடத்துல வேற என்னென்னவோ ஏறிடுச்சாம். ஒண்ணும் வரலன்னுட்டான்."

இவனும் தேடியிருக்கிறான். அது கல்யாணம் முடிந்த அடுத்த வாரமாம். வந்து சொல்லவில்லை, பாவி.

லிகோரி ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருமலுக்காகத்தான் கேட்டேன்" என்றார். "வேற ஒண்ணுமில்ல. இருமல் மட்டும்."

"இருமல் மட்டுமா? நடுவுல பாடினதெல்லாம்?"

"நடுவுல என்ன? நடுவுல ஒண்ணுமில்லையே. இடம்தானே விட்டிருந்தா."

மார்செல் அவரை ஒரு மாதிரி பார்த்தான். "நீங்க கேக்கவே இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினார் லிகோரி. "வரிய மட்டும்தான் கேட்டேன். நடுவுல இருந்தத கண்ணால பாத்துத்தான் வெட்டினேன். கேக்க முடியலடா. ஒரு இருமலக் கேட்டுட்டு அடுத்தத வெட்டக் கை வரல. சத்தத்த அடைச்சுட்டு, நூல் மாதிரி இருந்த இடத்தையும் இருமல் குத்தி நின்ன இடத்தையும் பாத்துப் பாத்து வெட்டிட்டேன்."

"அத்தான், அந்த இடத்துல எல்லாம் அக்கா திருப்பிப் பாடியிருந்தா. மெதுவா. உங்கள மாதிரி."

"என்ன மாதிரின்னா?"

மார்செல் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கிணற்றடியில் சிரித்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

"மூக்கால" என்றான் மார்செல். "கீழ இறங்கி. வால இழுத்துக்கிட்டு." சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டம் என்றுகூடப் பார்க்காமல், மூக்கைச் சுருக்கி, கழுத்தைச் சாய்த்துப் பாடிக் காட்டினான். அக்கா பாடின லிகோரியைத் தம்பி பாடினான். இரண்டு கல்லறை தள்ளி நின்ற மெனேசிஸ் வீட்டார் திரும்பி முறைத்தார்கள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

லிகோரி சிரிக்கவில்லை. "நான் அப்படியா பாடுவேன்?" என்று கேட்டார். பிறகு, "எல்லா இடத்துலயுமா?" என்றார்.

"எல்லா வரிக்கும். பாடிட்டுச் சிரிப்பா. சிரிச்சா இருமல் வந்துடும். இருமிட்டுத் திரும்ப வரி எடுப்பா. பாதி இருமல் அந்தச் சிரிப்பாலதான் அத்தான் வந்தது."

சாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார். எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டோம். அவர் அடுத்த கல்லுக்கு நகர்ந்த பிறகு லிகோரி கேட்டார்.

"கடைசி இடத்துலயும் பாடினாளா?"

மார்செல் சொல்லத் தயங்கினான். நான்கூடச் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன். ஆனால் அவன் எதையும் வெட்டிச் சொல்கிறவன் இல்லையே.

"அங்க பாடல. பேசினா. 'லிகோர், இதையும் நீ வெட்டிருவ, எனக்குத் தெரியும்'னா. அவ்வளவுதான். அப்புறம் பொத்தான அமுக்குற சத்தம்."

லிகோரி மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். காற்று நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. மார்செல்தான் அவர் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். அன்று ராச்சாப்பாடு என் வீட்டில்தான், மூன்று பேருக்கும். கறியில் உப்புப் போட மறந்துவிட்டேன், ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் வழக்கம்போலப் பாட்டு ஆரம்பித்தது. குக்கரை அடுப்பில் வைத்திருந்தேன், அணைத்துவிட்டேன். செவ்ரின் முதல் வரியைப் பாடி முடித்தாள். வெறுமை வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அப்போது அந்த வெறுமைக்குள் ஒரு குரல் கேட்டது. மூக்கால். அரைப்படி கீழே. வரி முடிந்த பிறகும் வாலை இழுத்துக்கொண்டு.

கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர், "யாருடி அது, பாடுறதா நினைச்சுக்கிட்டு?" என்று குரல் கொடுத்தார்.

"சும்மா இருங்க" என்றேன்.

செவ்ரின் அடுத்த வரியை எடுத்தாள். அவர் திருப்பிப் பாடினார். அவள் இன்னொரு வரி எடுத்தாள். அதைத் திருப்பிப் பாடும்போது பாதியிலேயே அவர் குரல் உடைந்தது. அவள் நிற்காமல் அடுத்ததற்குப் போனாள்.